பொங்கலோடு மழை போய்விடுமா? தையிலிருந்து பங்குனி வரை டெல்டா வானம்

கேள்வி, தை 4

அண்ணே, திருத்துறைப்பூண்டி பக்கம் எங்களுக்கு 5 ஏக்கர். சி.ஆர். 1009 நெல் போட்டிருக்கிறோம். நடவு பிந்திவிட்டதால் கதிர் இப்போதுதான் பழுக்க ஆரம்பித்திருக்கிறது. அறுப்புக்கு இன்னும் 20 நாள் ஆகும். பொங்கல் தாண்டினால் மழை கிடையாது, இனிமேல் பனி, அப்புறம் வெயில்தான் என்று அப்பா சொல்கிறார். அதை நம்பி உட்காரலாமா? உளுந்தை எப்போது தெளிப்பது? மாசியும் பங்குனியும் எப்படி இருக்கும்?

தை 4, இரவு

அப்பா சொல்வது பெரும்பாலான வருடங்களில் சரி. ஆனால் பிந்தி நட்ட 1009-ஐ வயலில் வைத்துக்கொண்டு அந்த ஒரு பேச்சை நம்பித் தூங்க முடியாது, தம்பி.

2023-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் பருவமழை ஜனவரி நடுவிலேயே விலகிவிட்டது. அதற்கப்புறம்தான் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி, பிப்ரவரி முதல் வாரத்தில் இலங்கையின் கிழக்குக் கரையைக் கடந்தது. கரை கடந்தது அங்கே, மழை நமக்கும் சேர்த்து. நாகை, திருவாரூர், தஞ்சை, மயிலாடுதுறை என்று அறுப்புக்கு நின்ற சம்பாவும் தாளடியும் சாய்ந்தன.

என் வயலும் அதில் போனது. 4-ஆம் தேதிக்கு அறுப்பு வண்டி சொல்லி வைத்திருந்தேன். 1-ஆம் தேதி தூறலாக ஆரம்பித்தது மறுநாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் வரப்பில் போய் நின்றால், பாய் விரித்த மாதிரி பயிர் படுத்துக் கிடக்கிறது, கதிர் தண்ணீருக்குள். வாய்க்காலை வெட்டிவிட்டுத் தண்ணீரை வடித்தோம். வடிந்த இடத்தில் ஒரு வாரத்துக்குள் கதிரிலேயே வெள்ளை முளை. அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தது. ஏக்கருக்கு 8,000 சொச்சம். அந்த வருடம் செலவழித்ததற்கு அது எந்த மூலைக்கு?

தை 5, காலை

நேற்று ஆத்திரத்தில் 2023-ஐ மட்டும் எழுதிவிட்டேன். அது அடிக்கடி நடப்பதல்ல. பிப்ரவரியில் தாழ்வு மண்டலம் வருவது அபூர்வம். ஆனால் நெல்லைக் கெடுக்கத் தாழ்வு மண்டலம்தான் வேண்டும் என்பதில்லை. 2021-இல் பொங்கலுக்கு முன்னும் பின்னும் பெய்த மழை நினைவிருக்கும், தாமிரபரணியில் வெள்ளமே வந்தது. 2024 ஜனவரி 7, 8 தேதிகளில் சீர்காழி, சிதம்பரம், வேளாங்கண்ணி பக்கம் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியது. 2025-இல் ஜனவரி கடைசி வாரம் வரைக்கும் பருவமழை விலகவே இல்லை.

'விலகியது' என்றால் மழைக்குத் தடை போட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. வடகிழக்குப் பருவத்துக்கு உரிய காற்றும், அதோடு தொடர்ந்து வரும் மழையும் அடங்கிவிட்டன என்று மட்டும்தான். கடல் அப்போதும் அங்கேதான் இருக்கிறது, தெற்கு வங்கக் கடலில் தண்ணீரும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். பூமத்திய ரேகையை ஒட்டி மேகக் கூட்டங்கள் கிழக்கிலிருந்து மேற்காகப் போய்க்கொண்டே இருக்கும். பெரும்பாலும் இலங்கைக்குத் தெற்காகவே நழுவிக் குமரிக் கடலுக்குப் போய்விடும். அதில் ஒன்று கொஞ்சம் வடக்கே ஏறி வந்தால் கோடியக்கரையும் வேதாரண்யமும் முதலில் நனையும், அப்புறம் நீங்கள், அப்புறம் நாங்கள். எல்லாம் அந்த 100, 200 கிலோமீட்டர் வித்தியாசத்தில் இருக்கிறது.

தை 7

சென்னை வானிலை மையம் தரும் அறிக்கையைத் தினமும் படிக்கச் சொன்னதற்கு, 'ஓரிரு இடங்களில் மழை' என்றுதான் எப்போதும் போடுகிறார்கள், அதை வைத்து என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அந்தச் சொற்களுக்கு அளவு உண்டு. 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதியில் இருக்கும் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை. 'சில இடங்களில்' என்றால் பாதி வரை. 'பல இடங்களில்' முக்கால் வரை. 'பெரும்பாலான இடங்களில்' என்றால் அதற்கும் மேல். 'கனமழை' என்று போட்டால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ., 'மிக கனமழை' 12 முதல் 20, அதற்கு மேல் 'அதி கனமழை'.

ஓரிரு இடங்களில் லேசான மழை என்றால் வாய்ப்பு குறைவு, அறுப்பை நடத்தலாம்.

தை 8

மேலே கடைசி வரியைத் தப்பாக எழுதிவிட்டேன். திருத்திக்கொள்ளுங்கள். 'ஓரிரு இடங்களில்' என்பது மழை எவ்வளவு பரப்பில் பெய்யும் என்பதற்கான சொல். மழை வருமா வராதா என்பதற்கான சொல் அல்ல. ஓரிரு இடத்தில் பெய்வது கிட்டத்தட்ட உறுதியாக இருக்கலாம். அந்த ஓரிரு இடம் உங்கள் ஊராகவும் இருக்கலாம். தை மாதத்தில் கடலோரமாகத்தான் அது விழும். மன்னார்குடிக்கு மேற்கே இருப்பவர் அதைப் படித்துவிட்டு வண்டியை இறக்கலாம், நீங்கள் யோசித்துத்தான் இறக்க வேண்டும்.

அறிக்கையில் மழை வரியை விட மேலே இருக்கும் காரண வரியை நான் முதலில் படிப்பேன். 'வறண்ட வானிலையே நிலவும்' என்று மட்டும் இருந்தால் நிம்மதி. 'கிழக்கு திசை காற்றில் நிலவும் வேக மாறுபாடு காரணமாக' என்று ஆரம்பித்தால் இரண்டு மூன்று நாளைக்கு மேகமும் தூறலும் உண்டு. 'தென்மேற்கு வங்கக் கடலில் கீழடுக்கு சுழற்சி' என்று, அதாவது கடலுக்கு மேலே தாழ்வான உயரத்தில் காற்று சுழல்கிறது என்று வந்தால் அன்றைக்கே வண்டிக்காரருக்குப் போன் போடுவேன்.

தை 9

இன்று விடியற்காலையில் சரியான மூடுபனி. பாமணி ஆற்றுப் பாலத்தில் நின்றால் எதிர்க்கரைத் தென்னை தெரியவில்லை. 9 மணிக்குத்தான் விலகியது.

இந்தப் பனி எனக்கு நல்ல செய்தி. இரவில் வானத்தில் மேகம் இல்லை, காற்று அசையவில்லை, தரை சூட்டையெல்லாம் மேலே விட்டுவிட்டுக் குளிர்ந்துவிட்டது, ஈர வயலுக்கு மேலே நின்ற காற்றில் இருந்த நீராவி துளியானது. அதாவது மேலே வறட்சி, கீழே ஈரம். நாளைக்கும் மறுநாளும் பகலில் நல்ல வெயில் அடிக்கும்.

ஒன்று கவனம். பனி இறங்கிய நெல்லைக் காலை 8 மணிக்கே வண்டி விட்டு அறுத்தால் ஈரப்பதம் ஏறிவிடும். அரசு நெல் கொள்முதலில் பொதுவான வரம்பு 17 சதவீதம். 11 மணிக்கு மேல் அறுத்த மூட்டைக்கும் விடியலில் அறுத்த மூட்டைக்கும் உள்ள வித்தியாசம் ஈரப்பதமானியில் கண்கூடாகத் தெரியும். போன வருடம் இதனாலேயே இரண்டு நாள் களத்தில் கொட்டிக் காயவைத்தேன்.

தை 10

கோத்தகிரியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார், அங்கே இரண்டு நாளாக உறைபனி, தேயிலைக் கொழுந்து கருகுகிறதாம். அவர் கஷ்டம் புரிகிறது. எங்கள் பக்கம் இதற்கு ஒரு பேச்சு உண்டு: ஊட்டியில் உறைபனி என்று செய்தி வந்தால் கீழே அறுப்பு வேலை நடக்கும். இரண்டுக்கும் ஒரே காரணம்தான், மேகமில்லாத வறண்ட வானம். கிழக்குக் காற்று மேகத்தைக் கொண்டுவந்தால் மலையில் இரவு குளிர் குறைந்துவிடும், இங்கே தூறும்.

தை 13

ஊட்டிக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்று அங்கே உறைபனி என்றார்கள், இங்கே காலையில் அரை மணி நேரம் தூறல். கடலோர மேகம் ரொம்பத் தாழ்வானது, மலை வரைக்கும் போவதே இல்லை. அதனால் அந்தப் பேச்சு உள்மாவட்டங்களுக்குத்தான் ஓரளவு பொருந்தும். கரையிலிருந்து 30, 40 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் கடலைத்தான் பார்க்க வேண்டும்.

காற்றைப் பாருங்கள், தம்பி. இதைத்தான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். மார்கழி, தையில் வாடை. வடக்கிலிருந்து வரும், உதடு வெடிக்கும், துணி சீக்கிரம் காயும். அது அடிக்கும்வரை அறுக்கலாம். அது நின்று கிழக்கிலிருந்து கொண்டல் ஆரம்பித்தால், காலையிலேயே உடம்பு பிசுபிசுக்கும், உப்பு ஜாடியில் உப்பு கசியும். மழை வந்தே தீரும் என்று சொல்லவில்லை. ஆனால் தை மாசியில் எனக்குத் தெரிந்து கொண்டல் இல்லாமல் மழை வந்ததில்லை. அப்புறம் மாசி நடுவில் மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடல் காற்று ஏற ஆரம்பிக்கும். பங்குனியில் அது தெற்கே திரும்பும். நாகப்பட்டினம் மீனவர்கள் சோழகம் என்பார்கள். பனிக்காலம் முடிந்தது என்று நான் ஒத்துக்கொள்வது சோழகம் வந்த பிறகுதான். காலண்டரைப் பார்த்து அல்ல.

தை 14

இன்று ஜனவரி 28, மேட்டூர் அணையை வழக்கமாக மூடும் நாள். இனி வாய்க்காலில் வருவது வடிகிற தண்ணீர்தான். உளுந்துக்கு வயலில் இருக்கும் ஈரம்தான் முதல், அதைக் காப்பாற்றுவதுதான் வேலை.

தெளிப்பு பற்றிக் கேட்டது இத்தனை நாளாக நிற்கிறது, மன்னிக்கவும். கையறுப்பு இருந்த காலத்தில் அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன்பே, நெல் நிற்கும்போதே தெளித்துவிடுவோம். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். காலை வைத்தால் கால் புதையக் கூடாது, தடம் மட்டும் பதிய வேண்டும். ஏ.டி.டி. 3 ரகம் என்றால் 70, 75 நாளில் வந்துவிடும், ஏக்கருக்கு 12 கிலோ விதை. இப்போது வண்டி அறுப்பு. பத்து நாள் முன்பு தெளித்தால் முளைத்த செடி மேலேயே வண்டி ஏறுகிறது. அதனால் நான் வண்டி இறங்குவதற்கு முதல் நாள் சாயங்காலம் தெளிக்கிறேன், விதையை மூன்று நான்கு கிலோ கூடப் போடுகிறேன். வைக்கோல் வரிசையாக விழும் இடத்தில் முளைப்பு வராது, அதைச் சாயங்காலமே உதறிவிட வேண்டும்.

தை மாதம் முழுவதும் தெளிக்கலாம். மாசி பிறந்து தெளித்தால் காய் பிடிக்கும் நேரத்தில் வெயில் அடித்துவிடும். ஆனாலும் கொண்டல் அடிக்கும்போது தெளிக்காதீர்கள். தெளித்து மூன்றாம் நாள் ஒரு 5 செ.மீ. பெய்து தண்ணீர் நின்றால் விதை அழுகிவிடும், மறுபடி வாங்கத்தான் வேண்டும்.

தை 15

பனியில் விளையும் பயிர் என்று உளுந்தைச் சொல்வோமே, அது உண்மையா என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார், வேளாண்மை படிக்கிறாராம். நான் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் நம்பினேன். யோசித்துப் பார்த்தால், பனி ஒரு இரவில் இறங்குவது மழைமானியில் ஈரம் ஒட்டும் அளவுக்குத்தான். செடி குடிப்பது சம்பா விட்டுப்போன மண் ஈரத்தை. பனி செய்வது வேறு: காலை 9 மணி வரை இலை நனைந்து இருப்பதால் அத்தனை நேரம் மண் ஈரம் செலவாகாமல் நிற்கிறது. பனி சீக்கிரம் நின்றுபோன வருடம் உளுந்து வாடியதை நான் பார்த்திருக்கிறேன். ஆக, சொல் சரி. எனக்குத் தெரிந்த காரணம்தான் தப்பு.

தை 19

வண்டி இன்று காலை இறங்கியது. அறுத்தாயிற்று. மேற்கு மூலையில் கொஞ்சம் பச்சைக் கதிர் இருந்தது, இன்னும் நான்கு நாள் விட்டிருந்தால் எடை கூடியிருக்கும். ஆனால் நேற்று அறிக்கையில் கீழடுக்கு சுழற்சி என்று பார்த்தேன், காற்றும் மதியத்துக்கு மேல் கிழக்கே திரும்பியிருந்தது. 2023-க்குப் பிறகு அந்த நான்கு நாளை என்னால் பொறுக்க முடிவதில்லை. டயர் வண்டியே இறங்கியது. தரை நனைந்த பிறகு என்றால் பெல்ட் வண்டிதான், வாடகை கூடிவிடும். அந்தக் கணக்கைப் போட்டால் பச்சைக் கதிரில் போனது பெரிய நஷ்டமில்லை.

தம்பி, உங்கள் கதிரில் அடியில் இருக்கும் மணி கெட்டியாகிவிட்டதா பாருங்கள். ஆகியிருந்தால் 20 நாள் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

தை 21

பெய்தது. என் மழைமானியில் 11 மி.மீ. தெளித்த உளுந்துக்கு இந்த அளவு அமிர்தம். வடிகால் எல்லாம் முன்பே திறந்து வைத்திருந்தேன். 'தை மழை நெய் மழை' என்பதற்கு என் பாட்டி, நெய் மாதிரி கொஞ்சமாகப் பெய்தால் நல்லது என்று அர்த்தம் சொல்வார். இந்த அளவைத்தான் சொன்னார் போலும்.

தம்பி நேற்றே அறுத்துவிட்டதாக எழுதியிருக்கிறார். அப்பாவைச் சம்மதிக்க வைத்தது எப்படி என்று சொல்லவில்லை. எப்படியோ, நெல் வீடு வந்து சேர்ந்ததே, அது போதும்.

மாசி 4

சிவராத்திரி போய்விட்டது. 'சிவ சிவா' என்று பனியும் போய்விடும் என்பார்கள். இன்று காலையும் போர்வை தேவைப்பட்டது. 'மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்றும் அதே பெரியவர்கள்தான் சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்: பகலில் வெயில் ஏறிவிட்டது, இரவு மட்டும் இன்னும் விடவில்லை. இந்த மாதத்தில் பகலுக்கும் இரவுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி பெரிது. வீட்டில் இரண்டு குழந்தைகளுக்கும் இருமல்.

மாசி 6

'இயல்பை விட 2 டிகிரி அதிகம்' என்று போடுகிறார்களே, இயல்பு என்றால் என்ன என்ற கேள்விக்கு 30 வருட சராசரி என்று வேறு இடத்தில் எழுதியிருந்தேன். வெப்பநிலைக்கு அது சரி, இப்போது 1991 முதல் 2020 வரை எடுத்துக்கொள்கிறார்கள். மழைக்கு 1971 முதல் 2020 வரை 50 வருடம். இரண்டையும் ஒன்றாகச் சொன்னது என் தவறு.

நாம் ஞாபகத்தில் வைத்திருக்கும் இயல்பு இன்னும் பழையது. நான் பள்ளிக்கூடம் போன காலத்துக் குளிரைத்தான் இன்றைக்கும் அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

மாசி 17

பகலில் தென்கிழக்குக் காற்று நிலைத்துவிட்டது. முருங்கை பூத்துக் கிடக்கிறது, புங்கமரம் பழைய இலையைக் கொட்டிவிட்டு மின்னுகிற தளிர் விட்டிருக்கிறது. பழைய கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில். எங்கள் ஊரில் சித்திரை வெயிலில் தளிரைப் பார்க்க யார் வெளியே நிற்கிறார்கள்? இளவேனில் என்று ஒன்று இங்கே உண்டென்றால் அது மாசிக் கடைசியில் வரும் இந்த 15, 20 நாள்தான் என்பேன். அனுபவிக்க வேண்டும், வயல் வேலையும் குறைவு.

வேதாரண்யத்தில் உப்பளப் பாத்தியைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள் என்று அங்கிருக்கும் சம்பந்தி சொன்னார். எனக்கு நெய் மழையாக இருந்த தை 21 தூறல் அவர்களுக்குக் கட்டிய பாத்தியைக் கலைத்துவிட்டதாம். அவரிடம் அந்த மழையைப் புகழ்ந்து பேசிவிட்டேன், அப்புறம்தான் சொன்னார்.

மாசி 24

மார்ச்சில் மழை வருமா என்று மறுபடி கேட்டிருக்கிறீர்கள். வரலாம். 2008 மார்ச்சில் தமிழ்நாடு முழுக்க நல்ல மழை. 2025-இலும் மார்ச் 11-ஐ ஒட்டித் தெற்கு மாவட்டங்களிலும் டெல்டாக் கரையிலும் பெய்தது. எதிர்ப்பக்கமும் உண்டு: 2022 மார்ச் முதல் வாரத்தில் வங்கக் கடலில் ஆழ்ந்த தாழ்வு மண்டலமே உருவாகி நம் கரையை நோக்கி வந்தது. மார்ச்சில் அது ரொம்ப அபூர்வம். உளுந்து பூவில் இருந்தது, 2 சதவீத டி.ஏ.பி. உரக் கரைசல் தெளிக்க வேண்டிய நாள், மழை கழுவிவிடும் என்று தள்ளிப்போட்டேன். அது கரைக்கு வருமுன்பே வறண்ட காற்று உள்ளே புகுந்து அதைக் கரைத்துவிட்டது. எனக்குக் கிடைத்தது தூறல். தெளிப்பு ஒரு வாரம் பிந்தியதில் காய் குறைந்தது.

அதனால் இப்போது பங்குனிக்கு என் முறை வேறு. மேகம் தெரிகிறது என்று தெளிப்பைத் தள்ளுவதில்லை. இரண்டு நாள் அறிக்கையில் நம் மாவட்டப் பெயர் சொல்லி மழை போட்டால் மட்டும் தள்ளுவேன். தையில் பயந்தால் லாபம். பங்குனியில் நான் பயந்த ஒரு தடவை நஷ்டம்தான் வந்தது.

பங்குனி 3

பகலில் நல்ல வெயில், மதியம் 3 மணிக்குக் கடல் காற்று வந்த பிறகுதான் மூச்சு விட முடிகிறது. கரூர், ஈரோடு பக்கம் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. சூரியன் இன்னும் நம் தலைக்கு நேரே வரவில்லை. தஞ்சாவூர் பக்கம் ஏப்ரல் 18-ஐ ஒட்டித்தான் உச்சிக்கு வரும், கன்னியாகுமரிக்கு ஒரு வாரம் முன்னால். பங்குனியிலேயே இப்படிச் சுடுவதற்கு மேகமில்லாத வானமும் காய்ந்த தரையும் காரணம்.

பங்குனி 21

உளுந்து காய் கறுக்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் 12 நாளில் பிடுங்கலாம். நேற்று சாயங்காலம் மேற்கே மின்னல். இது வேறு மழை, கடலிலிருந்து வருவதல்ல. உள்மாவட்டத்தில் சூடேறி எழும்பி, கிழக்குக் காற்றும் மேற்குக் காற்றும் சந்திக்கும் இடத்தில் இடியோடு கொட்டுவது. நம் பக்கம் வருவது குறைவு. வந்தால் சாயங்காலம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் காய்ந்த காய் நனைந்தால் வெடிக்கும். தார்ப்பாயைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன்.

காற்று காலையில் தெற்கு. திருத்துறைப்பூண்டியில் எந்தப் பக்கம், தம்பி?